சீப்பில் வந்த முடி

பின்னல் அக்கா என்றால் அந்தத் தையல் ஆலையில் வாசற்காவலாளி வரைக்கும் தெரியும். உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் ஒற்றைப் பின்னல். வெளிச்சத்தில் லேசாகச் செம்மை ஓடும் நெளிமுடி. தைத்து முடிந்த சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவில் அவள் மேற்பார்வை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் கழுத்துப் பட்டையில் ஒரு தையல் தாண்டியிருந்தாலும் விரல் ஓட்டத்திலேயே கண்டுபிடித்துச் சட்டையைத் திருப்பி எறிவாள். மேசைகளுக்கு நடுவே அவள் நடந்து வரும்போது முகத்தைப் பார்த்துப் பயந்தவர்களும், முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"என்ன எண்ணெய்க்கா போடுற?" என்று கேட்காத பெண் அங்கே இல்லை.

"பெருசா ஒண்ணும் இல்லடி. வெந்தயத்தை எண்ணெயில ஊறப்போட்டுத் தேய்ப்பேன். அவ்வளவுதான்."

பொத்தான் இயந்திரத்தில் உட்காரும் பெண்ணை எல்லோரும் பட்டன்காரி என்பார்கள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். அவள் அந்த வெந்தய எண்ணெயை ஒரு வருஷமாகத் தேய்த்து வந்தாள்.

உண்மையில் அந்தப் பின்னல் சவுரி. பின்னல் அக்காவின் சொந்த முடி எலிவால் கனம்தான். அதோடு மூன்று கால் சவுரியைச் சேர்த்துப் பின்னி, சேருமிடத்தில் கறுப்பு நூலைச் சுற்றி மறைப்பாள். வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து ஒருமுறை பார்ப்பாள். ஆலைச் சட்டைக்கு இருந்த அதே சோதனை அவள் பின்னலுக்கும் உண்டு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு தங்கை. சின்னவளுக்கு இது சவுரி என்று தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அது யாருடைய முடி என்பது.

அவர்களுடைய அம்மா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். சின்னவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது பெரியவள் பொறுப்பு. ஒரே வயிற்றில் பிறந்தும் முடி மட்டும் பங்கு சரியாக வரவில்லை. பெரியவளுக்குச் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். சின்னவளுக்குச் சீப்பின் பல் உடையும். வாரும்போது சீப்போடு வருகிற முடியைப் பெரியவள் எறியமாட்டாள். விரலில் சுற்றி, வளையம் போல் உருவி எடுத்து, காலியான பவுடர் டப்பாவில் போட்டுவைப்பாள். டப்பா நிறைந்தால் ஒரு துணிப்பை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பையைச் சவுரி கட்டுகிற பெண்ணிடம் கொடுத்துக் கட்டி வாங்கினாள்.

"ஏதுக்கா இது?" என்று சின்னவள் கேட்டபோது, "கடையில வாங்கினேன்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. குப்பைக்குப் போகவேண்டிய முடி. யார் தலையிலிருந்தும் பிடுங்கவில்லை. என்றாலும் 'உன்னோடதுதான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அப்புறம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள், கேட்பதற்கும் ஆளில்லை. பொய் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. முதுகில் தொங்குவது தன் முடிதான் என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

சின்னவளுக்குப் புழுவெட்டு வரும்வரை.

முதலில் காதுக்குப் பின்னால் காசளவு வழவழப்பு. பிறகு பிடரியில் ஒன்று. பிறகு தலையணை முழுக்க முடி. உடம்பே தன் முடியை எதிரியாக நினைத்துத் தள்ளுகிறது, திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திட்டுத் திட்டாக நின்ற மிச்சத்தைச் சின்னவளே ஒரு நாள் மழித்துக்கொண்டு வந்து, "இப்பதான் சமமா இருக்கு. நீயும் தையல் சரியா இருக்குன்னு பாஸ் பண்ணிடு" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு துவாலையைத் தலையில் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

அவளுடைய வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே சுவரெல்லாம் கண்ணாடி. வருகிறவர்களின் முகத்தருகே குனிந்து, சட்டத்தை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிபார்த்து, "இப்ப பாருங்க" என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து தானும் கண்ணாடியில் தெரியவேண்டும். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் அவளிடம்தான் வருவார்கள், முதலாளியிடம்கூட அல்ல. நீண்ட விடுப்பு எடுத்தாள். முதலாளி நல்லவர். "உள்ள லென்ஸ் தேய்க்கிற அறையில இடம் இருக்கும்மா. அங்க உன்னை யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

"அவர் நல்லதுக்குத்தான் சொல்றார்" என்றாள் பெரியவள்.

"தெரியும். அதான் வலிக்குது" என்றாள் சின்னவள். "நான் முன்னாடி நிக்கணும்க்கா. பின்னாடி போனா அப்புறம் வரவே மாட்டேன்."

அந்த வாரம் பட்டன்காரி நோய் விசாரிக்க வந்தாள். கையில் பழப்பை, கண்ணில் நிஜமான ஈரம். துவாலை சுற்றிய தலையையும் நாற்காலி முதுகைத் தாண்டித் தொங்கிய பின்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடவுளுக்குக் கண்ணே இல்லையாக்கா? உனக்கு இப்படி அள்ளிக் குடுத்துட்டு, கூடப் பொறந்தவளுக்கு இப்படியா கஞ்சத்தனம் பண்ணுவாரு? கொஞ்சம் இங்கேருந்து கிள்ளி அங்க வச்சிருக்கக் கூடாதா?"

சின்னவள் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள். சவுரி ரகசியம் தெரிந்தவளின் கண்ணடிப்பு. 'கவலைப்படாத, காட்டிக்குடுக்க மாட்டேன்' என்று அதற்கு அர்த்தம். பெரியவளுக்கு முதுகில் யாரோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றினது போலிருந்தது. கிள்ளித்தான் வைத்திருந்தது, ஆனால் அங்கேயிருந்து இங்கே. "இருங்க, தேத்தண்ணி போடுறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே வெகுநேரம் நின்றாள்.

விக் கட்டுகிறவரின் கடை ஒரு மாடிப்படியின் திருப்பத்தில் இருந்தது. டோப்பாக்காரர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். அவரே பளபளவென்று வழுக்கை.

"நீங்க ஏன் சார் போட்டுக்கலை?" என்று சின்னவள் கேட்டாள்.

"கசாப்புக்காரர் வீட்டுல கீரைதான் சமைப்பாங்களாம்மா. அந்தக் கதைதான். உக்காரு."

நெற்றியிலிருந்து பிடரிக்கு, காதிலிருந்து காதுக்கு, சுற்றளவு என்று நாடாவால் அளந்தார். அளக்கும்போது அவர் கை தலையில் படுவதற்கு முன்பே சின்னவளின் தோள் சுருங்கியது. அதைக் கவனித்து, அவர் பேச்சை நிறுத்தாமலே கையை மெல்ல வைத்தார். மெல்லிய பருத்திக் குல்லா ஒன்றை முதலில் மாட்டி, அதன்மேல் ஒவ்வொரு விக்காக வைத்துக் காட்டினார். குட்டை முடியில் அவள் யாரோ தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவள் போலிருந்தாள். நேர்முடியில் பாஸ்போர்ட் படத்துக்குப் பயந்த முகம். சுருள்முடியில் அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எல்லாம் நல்லாதான் இருக்கு சார். ஆனா எதுலயும் நான் இல்ல."

"உன் முடி எப்படி இருக்கும்? பழைய போட்டோ எதாவது?"

"போட்டோ எதுக்கு?" என்று சொல்லி, சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதே நிறம் சார். இதே நெளிவு. வெளிச்சத்துல கொஞ்சம் செம்பட்டையாத் தெரியும் பாருங்க, அதுவும் அப்படியே."

டோப்பாக்காரர் பின்னலின் நுனியை இரண்டு விரலால் தொட்டார். பிறகு பெரியவளின் உச்சந்தலையைப் பார்த்தார். தொழில் தெரிந்தவருக்கு அந்த ஒரு பார்வை போதும். "நல்ல முடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி அலமாரியைத் திறந்தார். அவர் சொல்லாமல் விட்டது பெரியவளுக்குச் சொன்னதைவிட மோசமாகச் சுட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாளைக்கு ஆலையில் எலிவாலோடு எப்படி நடப்பது என்பதுதான் அந்த நொடியில் அவள் மனதில் ஓடியது. தங்கை தலையில் முடியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அவள் தன் முதுகைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், நிறம் ஓரளவு ஒத்துப்போன ஒரு செயற்கை இழை விக்கை எடுத்தார்கள். பராமரிப்பை டோப்பாக்காரர் பாடமாகவே நடத்தினார். பச்சைத் தண்ணீரில்தான் அலசவேண்டும். பிழியக்கூடாது, துவாலையில் ஒற்றவேண்டும். வெயிலில் காயப்போடக்கூடாது. நுனியிலிருந்து மேலே மேலே வாரிப் போகவேண்டும். "முக்கியமா சூடு ஆகாது. இது முடி இல்ல, ஒரு வகை பிளாஸ்டிக். அடுப்புப் பக்கம் போனீங்க, சுருண்டுடும்."

பெரியவள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். விக்குக்குத் தனிச் சீப்பு, தனித் துவாலை. கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அதை மாட்டி, நிழலில் உலரவிட்டாள். சின்னவளை அடுப்பங்கரைக்குள் அடியெடுத்து வைக்க விடவில்லை. தேத்தண்ணீர் ஆவிகூட முகத்தில் படக்கூடாதென்று ஆறவைத்துக் கொடுத்தாள். இவ்வளவும் பாசம்தான் என்று சின்னவள் நினைத்தாள். பாசமும்தான். ஆனால் ஒவ்வொரு முறை அந்த இழையை வாரும்போதும், தன் முதுகில் தொங்குவதை மறப்பதற்காகத்தான் இவ்வளவு சிரத்தை என்பது பெரியவளுக்குத் தெரியும்.

அடுப்பை நினைத்தவர்கள் கண்ணாடிக்கடையை நினைக்கவில்லை. மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை வளைப்பதற்கு அங்கே ஒரு சிறு சூடேற்றி உண்டு. அடியிலிருந்து அனல்காற்று வரும். அதன்மேல் சட்டத்தைப் பிடித்து, இளகியதும் வளைக்கவேண்டும். சின்னவள் எத்தனையோ ஆயிரம் சட்டங்களை அப்படி வளைத்தவள். கை பழகிய வேலை. யோசிக்கத் தேவையில்லாத வேலை. விக்கோடு வேலைக்குத் திரும்பியவள், வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே வழக்கம்போல அதன்மேல் குனிந்தாள்.

"ஏதோ கருகுற வாடை வருதே" என்றார் எதிரே இருந்த அம்மாள்.

நிமிர்ந்தாள். சுவரிலிருந்த எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது. நெற்றியில் விழுந்திருந்த முடி பொசுங்கி, சுருண்டு, சட்டி தேய்க்கும் கம்பிச்சுருள் போல் குவிந்து நின்றது. எதிரே இருந்தவர் மூக்கைப் பிடித்தார். அவர் கூட வந்த குழந்தை, "அம்மா, அவங்க முடி உருகுது" என்றது. சின்னவள் இரண்டு கைகளாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குள் போய்விட்டாள்.

மாலையில் பெரியவள் வீட்டுக்கு வந்தபோது விக் மேசைமேல் கிடந்தது. சின்னவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், வெறுந்தலையோடு, அடுப்புக்கு மிக அருகில்.

"நாளையிலேருந்து உள்ளறைதான்க்கா. சொல்லிட்டேன்."

"வேற வாங்கலாம்டி."

"வேற வாங்கினாலும் பிளாஸ்டிக்தானே? சூடேத்தி இல்லாம அங்க நிக்க முடியாது. நிஜ முடியில, என் நிறத்துல வேணும்னா எங்க போறது? விடு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கறேன்." பழமொழியைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணிவிட்டது.

பெரியவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பின்னலைப் பிரித்தாள். கறுப்பு நூலை அவிழ்த்து, மூன்று கால்களையும் உருவி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் தெரிந்த தலை தேங்காய் மட்டைக்கு வால் வைத்தது போலிருந்தது. அழகு இதுதான், இவ்வளவுதான்.

மறுநாள் ஆலைக்குப் போவதற்கு முன் டோப்பாக்காரர் கடைக்குப் போனாள். சவுரியை அவர்முன் வைத்தாள்.

"சார், இதை வச்சு முன்பக்கம் கட்ட முடியுமா? சூடு படுற இடம் மட்டுமாவது?"

அவர் அதை விரித்துப் பார்த்தார். "வெட்டின முடியா, சீப்புல வந்த முடியா?"

"சீப்புல வந்தது."

"அதான் பார்த்தேன். அடிக்கடி தானா சிக்கு விழுமே?"

"ஆமா சார். எவ்வளவு வாரினாலும்."

"விழுந்த முடியில வேரும் நுனியும் தலைகீழாக் கலந்துடும். ஒண்ணு மேல பார்க்கும், ஒண்ணு கீழ பார்க்கும். பின்னலுக்குப் பரவாயில்லை. நெத்தியில விழுற முடிக்கு ஆகாது, ஒரே நாள்ல சடை ஆயிடும். ஒவ்வொண்ணா எடுத்து வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம்னு அடுக்கணும். எனக்கு இருக்குற வேலையில..." என்று இழுத்தார்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது? சொல்லுங்க. நான் அடுக்கித் தரேன்."

ஒரே ஒரு முடியை உருவிக் கொடுத்தார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து, இரண்டு விரலையும் முன்னும் பின்னும் தேய்க்கச் சொன்னார். முடி தானாக ஒரு பக்கம் நகர்ந்தது. திருப்பி வைத்தாலும் அதே முனையைப் பார்த்துத்தான் போனது.

"அது போற பக்கம்தான் வேர்" என்றார் டோப்பாக்காரர். "எங்க திருப்பிப் போட்டாலும் வந்த இடத்தைப் பார்த்துத்தான் நகரும்."

பெரியவள் அந்த முடியை மறுபடி திருப்பி வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

ஆலையில் அன்று அவள் எதிர்பார்த்தது ஏளனம். எலிவாலைக் கொண்டையாகச் சுருட்டி ஊசி குத்தியிருந்தாள். கொண்டை ஒரு பொத்தான் அளவுதான் வந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டன்காரி எழுந்து ஓடிவந்தாள்.

"அக்கா! என்னக்கா பண்ணிக்கிட்டே?" அடுத்த நொடி அவளே விடையும் கண்டுபிடித்துவிட்டாள். "தங்கச்சிக்கா? உன் தங்கச்சிக்கு விக் கட்டக் குடுத்திட்டியா? ஐயோ தெய்வமே! யாருடி செய்வா இப்படி?"

கண்மூடித் திறப்பதற்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. கண்ணைத் துடைத்தவர்கள் உண்டு. எப்போதும் கடுகடுக்கும் மேலாளர் வந்து நின்று, "உங்களை மாதிரி ஒரு அக்கா எனக்கு இல்லையே" என்றார். பெரியவள் 'இல்லை' என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் இன்னொருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் சவுரி என்பதும் வெளியே வரும். மத்தியானச் சாப்பாட்டில் பட்டன்காரி தன் பங்கிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்தபோது, அதையும் சாப்பிட்டாள். மானம் போகும் என்று பயந்து வந்த இடத்தில் மாலை போடுகிறார்கள். வெட்கம் இப்படியும் வருமா என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

பட்டன்காரிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. வேலை விட்டதும் நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போய் உள்ளறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டாள்.

சின்னவள் வீட்டுக்கு வந்தபோது, பெரியவள் ஜன்னலோரம் மடியில் வெள்ளைத்துணி விரித்து உட்கார்ந்திருந்தாள். பிரித்த சவுரி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரே திசையில் அடுக்கி, நூலால் கட்டிய மெல்லிய கற்றை.

"வெட்டிக் குடுத்தியாமே?" சின்னவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். "உன் பட்டன்காரி வந்து ஒரே அழுகை. நான் வாயைத் திறக்கலையே! உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்." பிறகு குரல் தணிந்தது. "ஆனா எனக்குத் தெரியும்க்கா. வெட்டிக் குடுக்குறதைவிட இது உனக்குப் பெருசு. சவுரி இல்லாம வாசல் தாண்டினவளா நீ? எனக்காகப் போயிருக்கே." கற்றையைத் தொட்டுப் பார்த்தாள். "யார் பெத்த பொண்ணோட முடியோ. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

இதை அப்படியே விட்டுவிடலாம். தங்கைக்கும் சந்தோஷம், அக்காவுக்கும் பேர். பெரியவள் விரலுக்கிடையில் ஒரு முடி இருந்தது. தேய்த்தாள். அது மெல்ல நகர்ந்து சின்னவள் உட்கார்ந்திருந்த பக்கமாக நீண்டது.

"அது உன்னோடதுடி."

"ஆமா, இனிமே என்னோடதுதான்."

"இல்ல குட்டி. முதல்லேருந்தே உன்னோடது. உன் சீப்புல வந்தது. டப்பாவுல போட்டு வச்சேன். கடையில வாங்கலை."

சின்னவள் கற்றையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி புருவம் சுருங்கியிருந்தது.

"தினமும் நீதான் வாரிவிடுவே" என்றாள் மெதுவாக. "சீப்பை என் கையிலயே குடுக்க மாட்டே. 'நீ சரியா வார மாட்டே, வா இங்க'ன்னு கூப்பிடுவே. பெரிய பொண்ணு ஆன பிறகும். அம்மா இல்லாத குறை தெரியாம எங்க அக்கா பார்த்துக்கிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்." நிமிர்ந்தாள். "இதுக்குத்தான் வாரிவிட்டியா?"

'சீ, அப்படியெல்லாம் இல்லை' என்ற சொல் பெரியவளின் நாக்குநுனி வரை வந்தது. நெஞ்சு அறியப் பொய் சொல்ல இனி முடியாது போலிருந்தது.

"முதல்ல இதுக்காக இல்ல. அப்புறம்... இதுக்காகவும்தான்."

"ரெண்டும்."

"ரெண்டும்தான்."

சின்னவள் எழுந்து போய்விட்டாள். பிறகு சில நாட்கள் வீட்டில் உப்பு, புளி, சாவி என்று தேவைக்கு மட்டும் பேச்சு நடந்தது. தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவள் மனம் தெரிந்தது. பெரியவள் வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்வரை ஒவ்வொரு முடியாகத் தேய்த்து அடுக்கினாள். சட்டையில் விட்ட தையலைப் பிடித்த விரல்கள் இப்போது வேரையும் நுனியையும் பிரித்தன.

ஆலையில் பேச்சு ஓயவில்லை. ஞாயிறு கழிந்து வேலைக்குப் போனபோது யாரோ அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் என்று ஆரம்பித்தார்கள். பெரியவள் பொத்தான் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"வெட்டலடி. அது சவுரி. சவுரியில இருக்குற முடியும் என் தங்கச்சியோடதுதான். சின்ன வயசுல அவ தலையில விழுந்தது. அவகிட்ட சொல்லாம இத்தனை வருஷம் நான் வச்சுக்கிட்டேன். இப்ப திருப்பிக் குடுக்குறேன். இதுல பாராட்ட ஒண்ணும் இல்ல."

பட்டன்காரியின் கை நின்றுவிட்டது. அவளைப் போல் நம்பியவள் வேறு யாரும் இல்லை. அவள் முகம்தான் முதலில் சிவந்தது.

"அப்ப அந்த வெந்தய எண்ணெய்?"

பெரியவள் தலைகுனிந்தாள்.

"ஒரு வருஷம்க்கா! ஒரு வருஷமா என் தலையணை உறை நாறுது! என் வீட்டுக்காரர் தனியாப் படுக்கிறார்!"

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். பட்டன்காரி சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அவள் வேறு மேசையில் போய்ச் சாப்பிட்டாள். பின்னல் அக்கா என்று கூப்பிடுவது அன்றோடு நின்றது. புதுப்பெயர் என்ன வைத்தார்கள் என்று பெரியவளுக்குத் தெரியும், 'வெந்தயம்'. முதுகுக்குப் பின்னால் அது கேட்கும்போது திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். காது மட்டும் சூடாகும். இது தனக்குக் குறைவான கூலிதான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது ஜன்னலோரத்தில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத்துணி. விரலுக்கிடையில் ஒரு முடியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகரவில்லை.

"ஈரக்கையால தேய்ச்சா வராது" என்றாள் பெரியவள்.

சின்னவள் பாவாடையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். முடி ஊர்ந்தது. அதைக் கற்றையில் சேர்த்தாள். பெரியவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். நடுவில் துணி. இருவர் கைகளும் ஒரே குவியலிலிருந்து எடுத்தன.

டோப்பாக்காரர் மெல்லிய வலைத்துணியில் கொக்கி ஊசியால் அந்த முடியை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு முன்நெற்றியையும் காதோரத்தையும் கட்டிக்கொடுத்தார். பின்பக்கம் பழைய இழைதான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துபோயிற்று, கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாததைப் பெரியவள் நான்கு முறை திருப்பிப் பார்த்துச் சரிபார்த்தாள்.

சின்னவள் மறுபடி கடையின் முன்பக்கம் நிற்கவேண்டிய காலை. பருத்திக் குல்லாவை மாட்டி, விக்கைப் பின்னிருந்து முன்னாக இழுத்துச் சரிசெய்துகொண்டு கண்ணாடிமுன் உட்கார்ந்தாள். வெளிச்சம் பட்டு நெற்றியில் அந்தச் செம்மை ஓடியது. வெகுநேரம் தன்னையே பார்த்தாள். பிறகு, திரும்பாமலே, சீப்பைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

பெரியவள் வாங்கிக்கொண்டாள். நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே, மெல்ல வாரினாள். ஒரு முடி சீப்போடு வந்தது. பழைய பழக்கத்தில் விரல் அதை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பாதியில்தான் தெரிந்தது, அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணாடியில் சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

பெரியவள் விரலிலிருந்து வளையத்தைக் கழற்றி அதில் வைத்தாள்.